வேடியப்பன் கல்லிலிருந்து தொடங்குங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் வரலாறும் ஆவிக்கதையும் எழுத வரும் புதிய நிருபர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில், ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ, எண்ணெய் குடித்துக் கறுத்த பலகைக்கல் ஒன்று நிற்கும். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்பார்கள். பொங்கல் வைப்பார்கள், சாராயமும் சுருட்டும் படைப்பார்கள், பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் தனியாகப் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள். பிசுக்கின் அடியில் உற்றுப் பார்த்தால் வில்லேந்திய ஒருவன் தெரிவான். தலைக்கு மேல் நாலைந்து வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து, இருக்கும். மாடு மீட்கப் போய் உயிரை விட்டவன்; ஆயிரம் வருஷத்துக்கும் முந்தையவன். அவன் நினைவாக நட்ட நடுகல் இது.

இந்த ஒரே கல்லை வரலாறு எழுதுகிறவர் ஒரு மாதிரி எழுதுகிறார், ஆவிக்கதை எழுதுகிறவர் வேறு மாதிரி எழுதுகிறார். நான் இருபது வருஷமாக இரண்டையும் சேர்த்தே எழுதி வருகிறேன். எங்கள் பக்கத்துப் பேய்க்கதை எதைக் கிளறினாலும் அடியில் ஒரு சாவு இருக்கிறது. யார் செத்தது, எப்போது, எதனால், ஊர் ஏன் இன்னும் அதை மறக்கவில்லை என்று தேடிப் போவதுதான் இந்தத் தொழில். இதில் இறங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு, நான் விழுந்து எழுந்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம்: மண்ணைப் படியுங்கள்

எழுதுவதற்கு முன் இந்த மண்ணின் கதையை ஒரு தடவை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். தகடூர் என்ற பழைய பேரும், அதியமானும், அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதோடு நிற்காமல் புறநானூற்றின் 232ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். அதியமான் இறந்த பிறகு ஔவை பாடியது. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். வேடியப்பனுக்குப் பாட்டிலைத் திறந்து ஊற்றும் பூசாரியை நேரில் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைப் படித்தால், இரண்டாயிரம் வருஷம் அறுபடாமல் வருகிற ஒரு பழக்கம் நம் கண்ணெதிரே நடக்கிறது என்று புரியும். எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பின் வந்தவர்களில் பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விஜயநகரத்தார் என்று ஒரு நீண்ட வரிசை. தருமபுரி கோட்டைக் கோயில்களில் நுளம்பர் காலத் தூண்களைப் பார்க்கலாம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் குன்றில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. ராயக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தது 1791. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (இந்த வட்டாரத்தின் அன்றைய பேர்) முழுக்க அவர்கள் கைக்குப் போனது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே வரி நிர்ணயம் செய்தார்கள். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004இல். ஆகவே 1965க்கு முந்தைய ஆவணம் எதைத் தேடினாலும் ‘சேலம் ஜில்லா’ என்ற தலைப்பில்தான் கிடைக்கும். தருமபுரி என்று மட்டும் தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிற புதியவர்கள் அதிகம்.

சேலம் மாவட்டத்துக்கு 1883இல் லெ ஃபானு எழுதிய கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பழைய நூல்கள் பலவற்றை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதிகளை நூலகத்தில் தேடுங்கள். புதிதாகக் கிடைக்கிற கல்வெட்டுகளுக்கு, தமிழகத் தொல்லியல் கழகம் நடத்தும் ‘ஆவணம்’ ஆண்டிதழ். நீங்கள் ‘கண்டுபிடித்த’ கல் முப்பது வருஷம் முன்பே அதில் வந்திருக்கலாம். செய்தி அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டால் மானம் பிழைக்கும்.

அடுத்து: கல் முன்னால் எப்படி நிற்பது

வட்டெழுத்தை முழுதாகப் படிக்க வருஷங்கள் ஆகும். ஆனால் நடுகல் வாசகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு, அதை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். பல்லவர் காலத்துக் கற்கள் ‘கோவிசைய’ என்று தொடங்கும். பிறகு அரசன் பேர், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் யாரை எதிர்த்தார்கள் என்று போகும். ‘தொறு’ என்று வந்தால் மாட்டு மந்தை. ‘பட்டான்’ என்றால் செத்தான். கடைசியில் ‘கல்’. இந்த ஐந்தாறு சொல் கண்ணுக்குப் பழகிவிட்டால், நடுவில் இருக்கிற ஆள் பேரைத் தேட முடியும். கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னட, தெலுங்கு எழுத்துகளும் வரும். அந்த மொழி தெரிந்த ஒரு நண்பரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். முறையாகப் படிக்க வசதி இருந்தால் தமிழ்நாடு தொல்லியல் நிறுவனத்தில் முதுகலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

கல் கும்பிடப்படும் கல் என்றால் முதலில் பூசாரியிடம் கேளுங்கள். செருப்பை எங்கே விடுவது, படம் எடுக்கலாமா, தொடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். படம் எடுக்கச் சம்மதித்தவர் தொடச் சம்மதித்தார் என்று அர்த்தமில்லை. எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சாக்பீஸ், சுண்ணாம்பு, மைதா மாவு எதையும் பூசாதீர்கள். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. எனக்கு உதவியதெல்லாம் சாய்வெளிச்சம்தான். காலை ஏழு மணிக்கோ மாலை நாலரைக்கோ வெயில் கல்லின் முகத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டு வரும்போது, உச்சிவெயிலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மேகமூட்டமா, இருட்டிவிட்டதா, டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் கன்னத்தோடு கன்னம் வைத்த மாதிரிப் பிடியுங்கள். அதே பலன் கிடைக்கும். முன்பக்கம் முழுசாக ஒரு படம், எழுத்துகள் வரிவரியாக, பக்கத்தில் ஒரு ஸ்கூல் ஸ்கேலோடு ஒன்று, பின்பக்கம் ஒன்று, கல் நிற்கிற இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று. மைப்படி எடுப்பதை, அதாவது ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒற்றி மை தடவி எழுத்தைப் படியெடுப்பதை, அதற்குப் பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

உருவத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வில்லும் குறுவாளும் உள்ளவன் பெரும்பாலும் மாட்டுச் சண்டையில் செத்தவன். பாயும் புலியின் வயிற்றில் வாளைச் செருகி நின்றால் புலிகுத்திக்கல். வளையலோடு உயர்ந்த ஒரு கை மட்டும் தெரிந்தால், புருஷனோடு தீயில் போன பெண்ணுக்கு வைத்த சதிக்கல். ஊரில் இதைத் ‘தீப்பாஞ்ச அம்மன்’ என்று கும்பிடுவார்கள், அந்த அம்மனுக்கு ஒரு கதையும் இருக்கும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், எசமானன் செத்த பிறகும் கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்குக்கூட கல்லில் இடமுண்டு. கோவிவன் என்ற அதன் பேர் மகேந்திரவர்மன் காலத்திலிருந்து இன்றுவரை அழியவில்லை.

கதை கேட்கப் போவது

இந்த வேலையில் கஷ்டமும் ருசியும் இங்கேதான் இருக்கின்றன. முதல் நாளே நோட்டை எடுக்காதீர்கள். டீக்கடையில் உட்காருங்கள், வந்த காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ‘பேய் இருக்கா?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சிலர் உங்களைக் கிண்டல் பண்ண வந்தவர் என்று நினைப்பார்கள். ‘அந்தப் புளியமரத்துப் பக்கம் யாரும் போறதில்லையாமே, எப்பருந்து?’ என்று கேளுங்கள்.

ஊர்க்காரர்களின் சொற்களைக் குழப்பாதீர்கள். அருள் வருவது வேறு, பேய் பிடிப்பது வேறு. மாசி அமாவாசையில் சுடுகாட்டில் நடக்கும் அம்மன் திருவிழாவான மயானக்கொள்ளையில் ஆடுகிறவருக்கு வந்தது அருள். அதைப் பேய் என்று எழுதினால் அடுத்த வருஷம் அந்த ஊருக்குள் நுழைய முடியாது. முனி என்பவர் காவல்காரர், காட்டேரி வேறு, மோகினி வேறு, காத்துக் கருப்பு என்பது இன்னதென்று சொல்ல முடியாத ஒன்றுக்குப் பொதுப்பேர். பூசாரி, சாமியாடி, குறி சொல்கிறவர், பம்பைக்காரர் ஆகிய நாலு பேரும் நாலு வேலை செய்கிறவர்கள். பம்பை என்ற இரட்டை மேளத்தை அடித்துச் சாமிக்கதை பாடும் பம்பைக்காரரைத் தேடிப் பிடியுங்கள். ஊர் ஊராகப் போகிறவர், எந்தச் சாமி எந்தச் சாவிலிருந்து வந்தது என்று பாட்டாகவே வைத்திருப்பார்.

காலத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய சவால். பெரியவர்கள் கி.பி. கணக்கு சொல்ல மாட்டார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிணற்றடியில், அங்கே விழுந்து செத்த பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ‘அந்தக் காலத்துல’ என்றார்கள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயாவிடம் போனேன்.

“ஆயா, அந்தம்மா கெணத்துல விழுந்தப்ப உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?”

“வயசு என்னா கண்ணு தெரியும். என் மூத்தவன் வயித்துல. அப்பதான் டேமு கட்டிக்கினு இருந்தாங்க. எங்கூட்டுக்காரரு கல்லு சொமக்கப் போவாரு.”

டேமு என்றால் கிருஷ்ணகிரி அணை, அப்போது 1950களின் நடுப்பகுதி. ‘நூறு வருஷமாக அலையும் ஆவி’ என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆயாவின் ஒரு வாக்கியத்தில் அது, பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் கிணற்றில் குதித்த, ஆயாவோடு களை பறித்த ஒரு பெண்ணாகிவிட்டது. ஆயா அவள் பேரைச் சொன்னார். நான் அதை எழுதவில்லை, அவள் அண்ணன் பேரன்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

ஆக, இந்தக் கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: கல்யாணம் ஆகியிருந்ததா, எத்தனையாவது பிள்ளை, அணை கட்டிய காலமா, எம்.ஜி.ஆர். செத்த வருஷத்துக்கு முன்னாலா பின்னாலா. தமிழ் வருஷப் பேர் சொன்னால் அறுபது ஆண்டுச் சுழற்சியை நினைவில் வையுங்கள். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றால் 1876. ஆனால் 1936லும் 1996லும் தாது வந்திருக்கிறது. பஞ்சத்தில் செத்தவர்களைக் கூட்டமாகப் புதைத்த மேடு என்று கதை சொன்னால், அது 1876–78 பஞ்சம்தானா என்று வேறு வழியிலும் சரிபார்க்க வேண்டும்.

பிறகு: காகிதத்தில் தேடுங்கள்

சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் தேடும் கட்டம். கிராம நிர்வாக அலுவலரிடம் பிறப்பு–இறப்புப் பதிவு இருக்கும். நிலத்தின் பழைய வகைப்பாட்டுக்கு ‘அ’ பதிவேடு. இன்று வெறும் கரடாகக் கிடக்கிற இடம் பதிவேட்டில் சுடுகாடு என்று இருந்தால், பாதிக் கதை அங்கேயே விளங்கிவிடும். அரசு அலுவலகத்தில் நேரில் கேட்டுக் கிடைக்காததை 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆங்கிலேயர் காலத்துக் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போவதற்கு முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நாளில் முடியாது, தங்குவதற்கு ஏற்பாட்டோடு போங்கள்.

தொப்பூர் கணவாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பாலத்தில் வெள்ளைப் புடவைக்காரி கை காட்டுவாள் என்று கேட்காத லாரி டிரைவர் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் போடப் பத்திரிகைகள் தயாராக இருக்கும். கிளீனர்களோடு டீ குடித்தபடி விசாரித்தால் தெரியும்: தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள், பாரம் தள்ளும், பிரேக் சூடேறிப் பிடிக்காது. அங்கே செத்தவர்கள் நிஜம், அந்தக் குடும்பங்கள் நிஜம். அதைச் சொல்லாமல் புடவையை மட்டும் எழுதினால் அடுத்த டிரைவருக்கு நாம் துரோகம் செய்கிறோம். இன்னொன்று, 17ஆம் நூற்றாண்டில் விஜயநகர வாரிசுச் சண்டையில் நடந்த தோப்பூர்ப் போரை இந்தத் தொப்பூரில் கொண்டுவந்து வைத்து, அதில் செத்த சிப்பாய்களின் ஆவி என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் போர் நடந்தது கல்லணைக்கு அருகே. ஊர்ப்பேர் ஒத்துப்போவது இந்த வேலையில் பெரிய பொறி.

கோட்டைகளிலும் இதே கவனம் தேவை. திப்பு புதைத்த பொன், மைசூர் வரை போகும் சுரங்கம் என்ற கதைகள் கிருஷ்ணகிரி மலை, ராயக்கோட்டை எல்லாவற்றுக்கும் உண்டு. கதை என்று சொல்லி எழுதுங்கள், செய்தியாக எழுதாதீர்கள்.

எழுதாமல் விட வேண்டியவை

பத்து வருஷத்துக்கு முன் ஒரு காட்டோரத்து நடுகல்லைப் பற்றி எழுதினேன். நல்ல கட்டுரை என்று நானே நினைத்தேன். ஊர், ஏரி, ஏரியிலிருந்து எத்தனை அடி, எந்த மரம் என்று எல்லாம் கொடுத்திருந்தேன். ‘காவல் முனி’ என்று ஊர் சொன்னதையும் எழுதினேன். எதைக் காக்கிறது என்று வாசகர்கள் யோசிப்பார்கள் என எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்துப் பூசாரி போன் பண்ணினார். போய்ப் பார்த்தபோது கல் குப்புறக் கிடந்தது. நின்றிருந்த இடத்தில் ஆள் உயரக் குழி. குழிக்கு அருகே எலுமிச்சம்பழம், குங்குமம், கரிந்த கற்பூரம். கல்லின் மேல்முனை உடைந்து, முதல் வரியில் அரசன் பேர் இருந்த இடம் போய்விட்டது. பூசாரி என்னைத் திட்டவில்லை. “தம்பி, இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, பாதுகாப்பில்லாத கல் எதற்கும் துல்லியமான இடத்தை நான் எழுதுவதில்லை. வட்டத்தின் பேர் போதும். துல்லிய விவரம் தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் கடிதமாகப் போகட்டும். நடுகல்லுக்கு அடியில் பொன் இருக்காது என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வரியாவது எழுதுங்கள். மண்ணுக்கடியில் புதையல் கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் முகம், பேர், ஊர் மூன்றும் வேண்டாம். மாசி அமாவாசையில் காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளைக்குப் போனால், விரித்த தலையோடு ஆடும் பெண்ணைப் படம் எடுக்கக் கேமராக்கள் முண்டியடிக்கும். கூட்டத்தை எடுங்கள், முகத்தை விடுங்கள். நாளைக்கு அவளுக்குக் கல்யாணப் பேச்சு வரும், வேலைக்குப் போவாள். அவள் மனநோயாளியாக இருக்கவும் வாய்ப்புண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறக்கக் கூடாது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநல மருத்துவச் சட்டம் தடை செய்கிறது. அப்படி எங்காவது பார்த்தால் கட்டுரை பிறகு, முதலில் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள். சாவு, தற்கொலை, பேய் பிடிப்பு பற்றிய கட்டுரையின் அடியில் 14416 என்ற மனநல உதவி எண்ணைப் போடச் சொல்லி ஆசிரியரிடம் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

நரபலி, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற பேச்சு காதில் விழுந்தால் காவல்துறை உறுதிப்படுத்தாமல் ஒரு வரிகூட வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை இந்த வதந்தி கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. மந்திரித்து நோய் தீர்க்கிறேன் என்பவரின் முகவரியும் போன் நம்பரும் உங்கள் கட்டுரையில் வந்தால் அது விளம்பரம். அப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954லிருந்தே சட்டம் இருக்கிறது.

பிழைப்பு

தாலுகா நிருபராகச் சேர்ந்தால் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, வந்த செய்திக்குத்தான் காசு. அதிலும் நடுகல், கோயில் கட்டுரைகளுக்கு ஞாயிறு இணைப்பில் இடம் கிடைத்தால் உண்டு. ஆகவே முதல் ஐந்து வருஷம் வேறொரு வருமானம் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் பலர் பள்ளிக்கூட வாத்தியார்கள். விவசாயத்தோடு சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு. யூடியூபில் ஆவிக்கதைக்குக் கூட்டம் வரும். ஆனால் ராத்திரி சுடுகாட்டில் கேமராவோடு ஓடுவதைத் தொடங்கிவிட்டால் வரலாறு எழுதுகிறவர் என்று உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் பார்த்து வருத்தப்பட்டது அது.

தலைப்பு உங்கள் கையில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேடியப்பனைப் பற்றி நான் எழுதி அனுப்பிய ஒரு கட்டுரை ‘ரத்தம் குடிக்கும் கல்!’ என்று வந்தது. அந்தக் கோயிலுக்கு நான் மறுபடி போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு கட்டுரையோடு மூன்று தலைப்புகளை நானே எழுதி அனுப்புகிறேன். மூன்றில் ஒன்றைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கட்டுரை வந்ததும் ஒரு பிரதியைக் கதை சொன்னவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அடுத்த கட்டுரைக்கான ஆளும் அந்தத் திண்ணையில்தான் கிடைப்பார்.

முதல் வேலையாக உங்கள் சொந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லையில் இருக்கிற கல், மரம், கிணறு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டில் உள்ள மூத்தவர் என்ன சொல்கிறார் என்று குறியுங்கள். பாட்டி இருந்தால் பாட்டியிடம் முதலில் போங்கள். போகும்போது வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள், டார்ச்சில் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.